மூன்றடி தொலைவில் ஒரு கருவிழி

நெப்போலியனின் 1809-ஆம் ஆண்டுப் படையிலிருந்து காலாட்படை வீரன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். நீலக் கோட்டு, மார்பில் வெள்ளைப் பட்டை, அந்த வெள்ளையின் விளிம்பில் மெல்லிய சிவப்புக் கரை, சிவப்புக் கழுத்துப்பட்டி, பித்தளைப் பொத்தான்கள். அவனையே உலோகத்தில் 28 மில்லிமீட்டர் உயரத்துக்கு வார்த்து மேசைமேல் நிறுத்தினால், அசல் கோட்டில் 3 மி.மீ. இருந்த கரை 0.05 மி.மீ. ஆகிவிடும். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். அந்த அளவில் அதை வரைய எந்தத் தூரிகைக்கும் கூர்மை போதாது. வரைந்தாலும் பார்க்கிறவர் கண்ணில் படாது. ஆனாலும் விளக்கடியில் குனிந்து, மூச்சை அடக்கி, அந்தக் கரையை வரைகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளதைவிட ஐந்தாறு மடங்கு தடிமனாகத்தான் வரைகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் துல்லியம்.

மேசைப் போர் விளையாட்டு அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். அகன்ற மேசையில் குன்று, ஆறு, வீடு, வேலி எல்லாம் அமைத்து, இரு தரப்பும் சிற்றுருவப் படைகளை நகர்த்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் இது. சதுரங்கக் காய்களைப் போல இந்த உருவங்கள் ஆடத் தயாராக வருவதில்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகவோ வெற்று உலோகமாகவோ துண்டு துண்டாக வரும். ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் வாங்கியவர் பாடு. அதனால் ஆட்டத்தைவிடத் தீட்டுவதிலேயே அதிக நேரம் போகிறது. சிலர் ஆடுவதையே விட்டுவிட்டுத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கலைக்குள் ஓயாமல் நடக்கும் வழக்கு ஒன்று உண்டு: ஒரு உருவத்துக்கு எவ்வளவு நுணுக்கம் போதும்?

வழக்கு பழையது, ஆனால் ஆட்டத்தின் வயதளவுக்குப் பழையதில்லை. எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் வீட்டுத் தரையில் ஆடும் போருக்கு விதிகள் வகுத்தபோது, அவர் கையில் இருந்தவை 54 மி.மீ. உயரப் பொம்மைச் சிப்பாய்கள். லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் உள்ளே பொள்ளலாக வார்த்து, கையால் வண்ணம் பூசி விற்றுவந்தவை. சட்டைக்கு ஒரு சிவப்பு, கால்சராய்க்கு ஒரு கருப்பு, கன்னத்தில் ஒரு ரோஜாப் பொட்டு, கண்ணுக்கு ஒரு புள்ளி, எல்லாவற்றின் மேலும் பளபளப்பு. நிழலும் இல்லை, ஒளியும் இல்லை. அதைப் பார்த்து யாரும் வேலை பாதியில் நின்றுவிட்டது என்று சொன்னதில்லை. டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் ‘வார் கேம்ஸ்’ 1962-இல் வந்து இந்த ஆட்டத்தைப் பெரியவர்களின் பொழுதுபோக்காக ஊன்றச் செய்தபோதும் பலருடைய படைகள் இந்தப் பொம்மைத் தோற்றத்தில்தான் நின்றன. இன்றும் பளபளப்பு வார்னிஷ் பூசி அப்படியே தீட்டுகிற ஒரு சிறு கூட்டம் உண்டு. அவர்களுக்குத் திறமை போதவில்லை என்று நினைப்பது தவறு. எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டவர்கள் அவர்கள்.

அளவுகோல் மாறியதற்கு நான் காணும் முதற்காரணம் அச்சுப்படம். 1975-இல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்ஷாப், 1977 முதல் ‘ஒயிட் டுவார்ஃப்’ இதழை வெளியிட்டது. 1979-இல் சிட்டடல் என்ற வார்ப்பு நிறுவனம் அதனோடு சேர்ந்து பிறந்தது. 1983-இல் ‘வார்ஹாமர்’ என்ற ஆட்டம் வந்தது, 1987-இல் விண்வெளிப் போரான ‘வார்ஹாமர் 40,000’. அதே 1987-இல் ‘கோல்டன் டீமன்’ என்ற வண்ணம் தீட்டும் போட்டியும் தொடங்கியது. நிறுவனத்துக்கென்றே ‘எவி மெட்டல்’ என்ற பெயரில் தீட்டுநர் குழு உருவாகி, அவர்கள் தீட்டிய உருவங்கள் இதழின் வண்ணப் பக்கங்களிலும் பெட்டிகளின் மேலும் வந்தன. அந்தக் குழுவின் பாணி தெளிவானது. ஒவ்வொரு கவசத் தகட்டின் விளிம்பிலும் மயிரிழை போல வெளிர்க்கோடு, ஒவ்வொரு வாருக்கும் கொக்கிக்கும் தனி நிறம், எதுவும் எதோடும் கலவாத சுத்தம். அவர்கள் வேலைக்கு அது பொருத்தம்தான். வார்ப்பில் என்னென்ன இருக்கின்றன என்று வாங்க வந்தவருக்குக் காட்டவேண்டிய படம் அது. சொல்லப்போனால் விலைப்பட்டியலின் ஓவியம். ஆனால் பெட்டியைத் திறந்தவர், மேலே இருந்த படத்தையே தான் எட்டவேண்டிய இலக்காக எடுத்துக்கொண்டார்.

பக்கத்தில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு அச்சான உருவம் உண்மையில் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. கைபேசி வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். தீட்டி முடித்த சூட்டோடு படமெடுத்து, இரு விரலால் விரித்துப் பார்க்கிறோம். மூக்குநுனியில் தூரிகை வழுக்கிய இடம் குன்றளவு தெரிகிறது. இன்று பெரும்பாலானோர் துரத்திக்கொண்டு ஓடும் தரம், உருவத்தின் தரம் அல்ல; உருவத்தின் புகைப்படம் பத்து மடங்கு பெரிதாகும்போது வேண்டியிருக்கும் தரம். இதற்குத் தோதாகச் சிற்பிகளும் மாறிவிட்டார்கள். முன்பு பச்சைநிறப் பிசினைக் கையில் பிடித்துச் செதுக்கியவர்கள், இப்போது கணினித் திரையில் உருவத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வைத்துச் செதுக்குகிறார்கள். திரையில் வெற்றிடம் கண்டால் கை சும்மா இருக்குமா? ஒரு பை, ஒரு மண்டையோடு, ஒரு ஓலைச்சுருள் என்று ஏறிக்கொண்டே போகிறது. வீட்டு ரெசின் அச்சுப்பொறியே 0.05 மி.மீ. அடுக்குகளாக வார்த்துத் தந்துவிடுகிறது. ஆக, எவ்வளவு நுணுக்கம் என்ற முடிவில் பாதியைத் தீட்டுகிறவர் தூரிகை எடுக்குமுன்பே வேறொருவர் எடுத்துவிட்டார்.

இனிக் கண்ணின் கணக்கைப் பார்ப்போம். நல்ல பார்வையுள்ள மனிதக் கண், பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். முப்பது சென்டிமீட்டர் தொலைவில் அது 0.09 மி.மீ.; ஆட்டமேசையருகே நிற்பவருக்கும் உருவத்துக்கும் இடையே வழக்கமாக இருக்கும் மூன்றடியில் 0.27 மி.மீ. மனிதக் கருவிழியின் குறுக்களவு சுமார் 12 மி.மீ.; 28 மி.மீ. உருவத்தில் அது 0.2 மி.மீ. அதாவது சரியான அளவில் வரைந்த கருவிழி, தீட்டும் மேசையில் தெரியும்; ஆடும் மேசையில் வெண்மையோடு கரைந்துவிடும். இன்னொரு விதமாகவும் சொல்லலாம். இந்த உருவம் மனிதனில் ஏறக்குறைய ஐம்பத்தேழில் ஒரு பங்கு. மூன்றடியில் அதைப் பார்ப்பது, ஐம்பது மீட்டருக்கு அப்பால் நிற்கும் மனிதனைப் பார்ப்பதற்குச் சமம். அத்தனை தொலைவில் நிற்பவனின் சட்டைநிறம் தெரியும், நடை தெரியும், தொப்பி தெரியும்; கருவிழி தெரியாது. இயல்பு மாறாமல் தீட்டவேண்டும் என்கிற வாதம் உண்மையில் நுணுக்கத்தைக் குறைக்கச் சொல்கிற வாதம்தான். இதைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் குறைவு.

அப்படியானால் மங்கலாகப் பூசிவிட்டால் போதுமா என்றால், போதாது. கணக்கின் மறுபக்கம் இங்கேதான் வருகிறது. ஆள் அளவில் ஒரு மடிப்பு தன்னால் நிழலைத் தரும். மூக்கு நிழல் தரும். தொப்பி விளிம்பு நெற்றியை இருட்டாக்கும். அரை மில்லிமீட்டர் பள்ளத்தில் விழும் நிழல் மிகச் சிறியது; பல பக்கமிருந்தும் வரும் அறைவெளிச்சத்தில் அது மங்கியும்விடுவதால் மூன்றடியில் கண்ணில் படுவது அரிது. ஒரே நிறமாகப் பூசிய சிற்றுருவம் தூரத்தில் கட்டியாகத் தெரிவது இதனால்தான். எனவே நிழலையும் ஒளியையும் வண்ணத்தாலேயே செய்துகாட்ட வேண்டியிருக்கிறது, அதுவும் மிகைப்படுத்தி. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் அடிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல: கண்ணைச் சுற்றி விரல் பருமனில் மை, உதட்டில் அடர்சிவப்பு. சாரத்தில் ஏறிப் பக்கத்தில் நின்று பார்த்தால் முரட்டுத்தனம். கீழே சந்நிதித் தெருவில் நிற்பவருக்கு அது முகம். சிற்றுருவத்துக்கும் தூரம்தான் எசமான். தூரத்துக்குப் போய்ச் சேர்வது நுணுக்கமல்ல, வெளிர்ப்புக்கும் இருளுக்கும் இடையிலான இடைவெளி.

பிரிட்டனில் தீட்டுநர் கெவின் டாலிமோர் பரப்பிய முறையை இதற்கு நல்ல சான்றாகச் சொல்லலாம். முழு உருவத்துக்கும் கருப்பு அடிப்பூச்சு. அதன்மேல் ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்றே படிகள்: அடர்ந்தது, நடு, வெளிர். ஃபவுண்ட்ரி நிறுவனம் வண்ணங்களையே இப்படி மும்மூன்றாக விற்றது. படிகள் ஒன்றோடொன்று இழையாமல் வெட்டு வெட்டாக நிற்கும்; சட்டைக்கும் வாருக்கும் நடுவில் அடிப்பூச்சின் கருப்பே கோடாக மிஞ்சும். கையில் வாங்கிப் பார்த்தால் சிலருக்குப் பிடிக்காது, கேலிச்சித்திரம் போல இருக்கிறது என்பார்கள். மேசையில் வைத்துவிட்டு ஓரடி பின்வாங்குங்கள். அந்த மூன்று படிகளையும் கண் தானே இழைத்துக்கொள்ளும். வழுவழுவென்று இழைத்து இழைத்துத் தீட்டிய உருவம் அதே தொலைவில் பெரும்பாலும் சாம்பல் பூத்துப்போகிறது. அத்தனை மணிநேர உழைப்பும் மேசைவிளக்கோடு நின்றுவிடுகிறது.

உருவம் சிறுத்தால் இந்த விதி இன்னும் கறாராகும். 15 மி.மீ. உருவம் நூற்றில் ஒரு பங்கு. மூன்றடியில் நிற்பது தொண்ணூறு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். இரண்டாம் உலகப்போரை இந்த அளவில் ஆடும் ‘ஃப்ளேம்ஸ் ஆஃப் வார்’ போன்ற ஆட்டங்களில் காக்கிமேல் காக்கியாக வரும் சீருடைகளைச் சரியான நிறத்தில் தீட்டினால் படை மண்ணோடு மண்ணாகிவிடும்; அதனால் நிறத்தை ஒன்றிரண்டு படி வெளுப்பாக்குவார்கள். 6 மி.மீ.-இல் முகம் ஒரு தொடுகை, குறுக்குவார் ஒரு வெள்ளை இழுப்பு, துப்பாக்கி ஒரு பழுப்புக் கோடு. அவ்வளவுதான். அங்கே தீட்டப்படுவது ஆள் அல்ல, பட்டாளம். இருபது முப்பது பேர் ஒரே அடித்தட்டில் நெருங்கி நிற்கும்போது, கண் அவர்களை ஒரே திரளாகப் படிக்கிறது. அந்தத் திரளின் நிறம் சரியா, கொடி தெரிகிறதா என்பதே கேள்வி. 6 மி.மீ. சிப்பாயின் பொத்தானுக்குப் பொன்நிறம் வைக்கிறவர் கைத்திறனைப் பாராட்டலாம். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

தூரத்துக்கு அடுத்தது எண்ணிக்கை. நூறு உருவங்கள் கொண்ட படைக்கு ஆளுக்கு ஒரு மணிநேரம் என்றால் நூறு மணிநேரம். ஆளுக்கு ஐந்து மணிநேரம் என்றால் ஐந்நூறு. வாரத்துக்கு ஐந்து மணிநேரம் ஒதுக்க முடிகிறவருக்கு முன்னது ஐந்து மாதத்துக்குள் முடியும். பின்னது இரண்டு ஆண்டுகள் ஓடும். இடையில் ஆசை தீர்ந்துவிடும், அல்லது விதிப்புத்தகத்தின் புதிய பதிப்பு வந்துவிடும். பிரித்துக்கூடப் பார்க்காத பெட்டிகளை இத்துறையினர் தங்களையே கேலி செய்துகொண்டு ‘வெட்கக் குவியல்’ என்கிறார்கள். சோம்பலால் சேர்ந்தவை அவற்றில் பாதிகூட இருக்காது. எட்டமுடியாத தரத்தை முதல் உருவத்திலேயே வைத்துவிட்டதன் விளைவே அதிகம். முதல் ஐந்து பேருக்குக் கண்ணிமைவரை தீட்டிவிட்டு, ஆறாமவனில் களைத்து நின்றுபோன படைகளை எந்த ஊர்ச் சங்கத்திலும் காணலாம்.

இந்தக் களைப்புக்கு மருந்தாக வந்தவைதான் குறுக்குவழிகள். முதலில் மரச்சாமான்களுக்குப் பூசும் நிறவார்னிஷ். அடிநிறங்களை மட்டும் பூசி, உருவத்தை அப்படியே டப்பாவில் முக்கி உதறினால், பழுப்புச் சாயம் பள்ளங்களில் தங்கி நிழலாகும். டென்மார்க்கின் ‘ஆர்மி பெயின்டர்’ இதையே ‘குவிக்ஷேட்’ என்ற பெயரில் இத்துறைக்கென்று விற்றது. 2019-இல் கேம்ஸ் வொர்க்ஷாப் ‘கான்ட்ராஸ்ட்’ வண்ணங்களைக் கொண்டுவந்தது: வெளிர் அடிப்பூச்சின்மேல் ஒரே கை பூசினால், மேட்டில் மெலிந்தும் பள்ளத்தில் அடர்ந்தும் தானே நிற்கும் ஒளி ஊடுருவும் வண்ணம். பிறகு வந்தது ‘ஸ்லாப் சாப்’: கருப்பின்மேல் சாம்பலையும் வெள்ளையையும் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தேய்த்து ஒளியையும் நிழலையும் முதலிலேயே போட்டுவிட்டு, மேலே இந்த மெல்லிய வண்ணங்களை ஓட்டுவது. பழையவர்கள் இதை ஏமாற்று என்று முகம் சுளித்தார்கள். மூன்றடி அளவுகோலில் வைத்துப் பார்த்தால் முகம் சுளிக்க இடமில்லை; தூரத்துக்குப் போய்ச்சேரும் இருளையும் வெளிச்சத்தையும் இவை கொடுத்துவிடுகின்றன. இவை தோற்கும் இடம் வேறு. அகன்ற சமதளங்களில் வண்ணம் திட்டுத்திட்டாகத் தேங்கும். எல்லோர் படையும் ஒரே சாயலில் வரும். கவச வண்டிக்கு ஆகாது. ரோமமும் மடிப்பும் நிறைந்த உருவத்துக்கு இதைவிட நல்லது கிடையாது.

விதி எழுதுகிறவர்களும் இந்தக் கேள்விக்குள் வந்துவிட்டார்கள். பழைய போட்டிகளில் குறைந்தது மூன்று நிறம், முடித்த அடித்தட்டு என்ற நிபந்தனை வழக்கமாக இருந்தது. வார்ஹாமர் 40,000-இல் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் நூறு புள்ளிகளில் பத்து, படை முழுதும் ‘பேட்டில் ரெடி’ தரத்தில் இருந்தால் கிடைக்கும்: முக்கியப் பகுதிகளில் வண்ணம், அடித்தட்டில் எளிய வேலைப்பாடு. அதற்கு மேலே ‘பரேட் ரெடி’ என்று ஒரு தரமும் உண்டு. அதற்குத் தனிப் புள்ளி இல்லை. ஆட்டத்திறனுக்கான புள்ளியைத் தூரிகைக்குக் கொடுப்பது நியாயமா என்ற சண்டை தீர்ந்தபாடில்லை; கை நடுங்குகிறவர்களும் நேரமில்லாதவர்களும் கேட்பதில் பொருளிருக்கிறது. ஆனால் விதி ஒரு நல்லது செய்திருக்கிறது. போதும் என்பதற்குக் கீழ்வரம்பு ஒன்றை எழுத்தில் வைத்துவிட்டது. அந்த வரம்பும் பலர் பயப்படுவதைவிட வெகு தாழ்வாகவே இருக்கிறது.

கண்ணுக்கு வருகிறேன், வழக்கின் உச்சம் அதுதான். மூன்று கட்சிகள். வெள்ளையும் புள்ளியும் வைத்தே தீருவோம் என்பவர்கள். கண்குழியில் ஒரு கரும்பழுப்பு நிழலோடு நிறுத்துபவர்கள். தலைவர்களுக்கு மட்டும் வைப்பவர்கள். முதற்கட்சியின் அபாயம் எல்லாரும் அறிந்தது. புள்ளி சற்றே விலகினால் மாறுகண். வெள்ளை சற்றே மிஞ்சினால் பேயைக் கண்ட முழி. கைதேர்ந்தவர்கள் கண்ணை முதலில் தீட்டிவிட்டு, முகநிறத்தால் சுற்றிலும் செதுக்கிச் சரிசெய்வார்கள். மிகச் சிறிய தூரிகையைத் தேடுவதும் தேவையற்றது. அதில் வண்ணம் தூரிகைமுனையிலேயே காய்ந்துவிடும். வின்சர் அண்ட் நியூட்டனின் ‘சீரிஸ் 7’ போன்ற நல்ல வால்மயிர்த் தூரிகையில் முனை கூராக நிற்கும் ஒன்றாம் எண்ணே கண்ணுக்குப் போதும். என் கட்சி இரண்டாவது. பட்டாள வீரன் தொப்பி நிழலில் இருக்கிறான். நிழல் இருந்தால் பார்க்கிறவரே கண்ணை வைத்துக்கொள்வார்.

இதோடு இன்னொன்றையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆடுகிறவர் தன் படையின் முகத்தைப் பார்ப்பதே அரிது. மேலிருந்து, பின்னாலிருந்து அவர் பார்ப்பது தொப்பியின் உச்சி, தோள், முதுகுப்பை, சுருட்டிய கம்பளி. முகமும் மார்புப் பட்டையும் எதிராளிக்கு. முகத்துக்குச் செலவிடும் நேரம் எதிரே நிற்பவருக்குச் செய்யும் மரியாதை என்று எடுத்துக்கொள்ளலாம். தனக்காகத் தீட்டுகிறவர் முதுகில் கொஞ்சம் கவனம் வைக்கட்டும். தோள்களிலும் தலையுச்சியிலும் விழும் வெளிர்ப்பூச்சு இரு தரப்புக்கும் தெரியும். அதனால்தான் மேலிருந்து வெள்ளை அடிப்பூச்சைத் தெளித்து, கீழ்ப்பகுதியைக் கருப்பாகவே விடும் வழக்கம் இவ்வளவு பரவியிருக்கிறது.

காட்சிக்கென்றே தீட்டுகிறவர்களின் நியாயம் வேறு. கோல்டன் டீமன் நடுவர் உருவத்தை ஒரு சாணுக்குள் வைத்துப் பார்ப்பார். அங்கே உலோகப்பொடியில்லாத சாதாரண வண்ணங்களாலேயே வாளின் மினுமினுப்பைத் தோற்றுவிப்பதும், கையிலுள்ள விளக்கின் ஒளி முகத்தில் படிவதைத் தீட்டுவதும் செல்லும். அமெரிக்காவின் சிற்றுருவக் கலைஞர் ஷெப்பர்ட் பெயின் இந்தக் கேள்வியை எல்லோரையும்விடச் சாமர்த்தியமாக மடக்கினார். அவருடைய பெட்டிக்காட்சிகளில் பார்வையாளர் ஒரே சாளரம் வழியாகத்தான் உள்ளே பார்க்க முடியும், விளக்கும் பெட்டிக்குள்ளேயே. பார்க்கும் இடத்தை அவரே தீர்மானித்துவிட்டதால் எது தெரியும், எது தெரியாது என்பதும் அவர் முடிவு. ஓவியர் ஜான் பிளாஞ்சே எதிர்த்திசையில் போனார். அவர் தீட்டிய உருவங்களில் செம்பழுப்பும் மஞ்சளும் கறையுமாக ஒன்றில் ஒன்று ஊறிக்கிடக்கும். விளிம்புக்கோடுகளின் சுத்தம் இருக்காது. ஆனால் அந்த உலகின் நாற்றமே எழுவது போல இருக்கும். எவி மெட்டலின் சுத்தமும் பிளாஞ்சேயின் அழுக்கும் ஒரே நிறுவனத்தின் கூரையின்கீழ் வளர்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது. நுணுக்கத்தின் அளவு பாணியின் முடிவும்கூட. உழைப்பின் அளவுகோலாக அதை எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம்.

படைக்குள் நுணுக்கத்தைச் சமமாகப் பங்கிடுவதுதான் எனக்குத் தெரிந்து பெரிய வீண்செலவு. கொடி, தளபதி, முன்வரிசை, அடித்தட்டு இந்த நான்கிலும் கண் முதலில் இறங்குகிறது. அடித்தட்டில் மணல், கொஞ்சம் புல், சீராகக் கருப்படித்த விளிம்பு இருந்தாலே சுமாராகத் தீட்டிய படையும் முடிந்த வேலையாகத் தோன்றும். பின்வரிசைக்காரனின் கால்சராய்ப் பொத்தானை யாரும் தேடப்போவதில்லை. இவை கையாளப்படும் பொருள்கள் என்பதும் நினைவிலிருக்க வேண்டும். உலோக உருவத்தின் துப்பாக்கிமுனையிலும் தொப்பி விளிம்பிலும் இருக்கும் மயிரிழைக்கோடுதான் விரல் பட்டு முதலில் தேயும். வார்னிஷ் அதைத் தள்ளிப்போடும், தடுக்காது.

புதுப்படை தொடங்குகிறவர் செய்யத்தக்க சோதனை ஒன்று இருக்கிறது. ஒரே வார்ப்பில் இரண்டை எடுத்து, ஒன்றை மூன்று நிறமும் பள்ளங்களில் தங்கும் ஒரு மெல்லிய சாயமும் ஒரு வெளிர்ப்பூச்சுமாக முடிக்க வேண்டும். மற்றதை மனம் போதும் என்கிறவரை தீட்டலாம். இரண்டையும் ஆடப்போகும் அறைக்கே கொண்டுபோய், அங்குள்ள விளக்கொளியில், மேசை நடுவில் நிறுத்தி, விவரம் சொல்லாமல் நண்பரிடம் எது உயர்ந்தது என்று கேட்க வேண்டும். அவர் தயங்கினால் முதல் உருவத்தின் முறையே படை முழுமைக்கும். இரண்டாவதன் முறையைக் குதிரையேறிய தளபதிக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் ஒருவர்தான், எப்படியும் ஆட்டத்தின் பாதியில் யாராவது ஒருவர் அவரைக் கையில் எடுத்துப் பார்ப்பார்.